வேறு பெயர் போதுமாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

தன்பாலினத் திருமணம் பற்றி உங்கள் பகுதியில் வரும் கடிதங்களில் ஒரே வாதம் திரும்பத் திரும்ப வருகிறது. "சேர்ந்து வாழட்டும், சொத்தை எழுதி வைத்துக்கொள்ளட்டும், யார் வேண்டாம் என்றது? திருமணம் என்ற பெயரை மட்டும் கேட்காதீர்கள்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, நானும் கொஞ்ச காலம் இதையே சொல்லிக்கொண்டிருந்தவன்தான்.

அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தின் ஜிம் ஓபர்கஃபெல், ஜான் ஆர்தர் கதையைப் படித்த பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. இருவரும் இருபது ஆண்டுகளுக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தவர்கள். ஆர்தருக்கு ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய், படுத்த படுக்கை. ஓஹையோ சட்டம் இடம் தராததால் 2013 ஜூலையில் மருத்துவ வசதியுள்ள சின்ன விமானம் ஒன்றில் மேரிலாண்ட் போய், பால்டிமோர் விமான நிலையத்தில் நின்ற அந்த விமானத்துக்குள்ளேயே மணம் முடித்துக்கொண்டு, உடனே திரும்பினார்கள். அக்டோபரில் ஆர்தர் இறந்துபோனார். இறப்புச் சான்றிதழில் 'உயிருடன் உள்ள வாழ்க்கைத் துணை' என்ற கட்டத்தில் தன் பெயர் இருக்க வேண்டும், ஓபர்கஃபெல் நீதிமன்றத்தில் கேட்டது அவ்வளவுதான். அந்த ஒரு கட்டத்துக்கான வழக்கு மற்ற வழக்குகளோடு சேர்ந்து உச்ச நீதிமன்றம் வரை போய், 2015 ஜூன் 26 அன்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், தன்பாலினத் திருமணம் நாடு முழுவதும் செல்லும் என்ற தீர்ப்பானது.

சரி, வேறு பெயர் கொடுத்துப் பார்த்த நாடுகளும் உண்டு. டென்மார்க் 1989-லேயே 'பதிவு பெற்ற துணைவர்' என்றது, பிரிட்டன் 2005-ல் இன்னொரு பெயர் வைத்தது. கடைசியில் டென்மார்க் 2012-லும் இங்கிலாந்து 2014-லும் திருமணத்தையே திறந்துவிட்டன. ஆஸ்பத்திரி கவுன்டரில் "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று கேட்கும்போது "மனைவி" என்றால் அடுத்த கேள்வியே கிடையாது. வேறு பெயர் என்றால் அது என்ன, எந்தச் சட்டம் என்று விளக்கிக்கொண்டு நிற்க வேண்டும், அதுவும் நடு ராத்திரியில், உள்ளே ஆள் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கும்போது.

மதத்தில் கைவைக்கிறார்கள் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று: இங்கிலாந்துச் சட்டம் அங்குள்ள அரசுத் திருச்சபையே இந்தத் திருமணங்களை நடத்த முடியாதபடிதான் எழுதப்பட்டிருக்கிறது. தன்பாலின இணையர்கள் கேட்பது பதிவாளர் அலுவலகத்தை.

அப்புறம், இதில் எனக்குச் சிரிப்பு வருகிற இடம் ஒன்று இருக்கிறது. 2023 அக்டோபர் 17 அன்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் திருமணம் அடிப்படை உரிமை அல்ல என்றார்கள், ஆனால் அவர்களில் இருவர் திருமணம் என்று சொல்லாமல் வேறு வகை அங்கீகாரம் தரலாம் என்றார்கள். மற்ற மூவர் அதற்கும் ஒப்பவில்லை, சட்டமியற்றும் அவைதான் முடிவு செய்ய வேண்டும் என்றுவிட்டார்கள். ஆக, நம் வாசகர்கள் பெரிய மனதோடு தரத் தயாராக இருக்கும் அந்த 'வேறு பெயர்' இன்றைக்கு யார் கையிலும் இல்லை. அதைக் கேட்டு நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதமாவது போட்டவர்கள் இருந்தால் எழுதட்டும், படிக்க நான் தயார்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்