சேமிப்பக மென்பொருள் கற்க மெய்நிகர் ஆய்வகம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வங்கிகளும் மருத்துவமனைகளும் தம் தரவைக் காக்க நம்பியிருக்கும் சேமிப்பக மேலாண்மை மென்பொருளை, கருவிகளின் விலைக்கு அஞ்சி, எங்கள் கல்லூரியில் நெடுநாள் கரும்பலகையில் படம் வரைந்தே நடத்தி வந்தோம். ஆனால் 16 ஜிபி நினைவகமுள்ள சாதாரணக் கணினியிலேயே ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை இயக்கும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளை நிறுவி, லினக்ஸ் சேமிப்பக சர்வர் ஒன்றையும், ஐஸ்கஸி (வேறு கணினியின் வட்டை வலையமைப்பு மூலம் தன் வட்டுபோல் பயன்படுத்தும் முறை) வழியே அதன் வட்டுகளைப் பயன்படுத்தும் சர்வர்கள் இரண்டையும் ஓட்டலாம். சேமிப்பகக் கருவிகளைத் தயாரிக்கும் நெட்ஆப் நிறுவனமும், அவற்றை இயக்கும் தன் ஆன்டாப் மென்பொருளைக் கருவியின்றிப் பழக ஒரு சிமுலேட்டர் வைத்திருக்கிறது.

சென்ற பருவத்தில் ஏற்காட்டிலிருந்து வரும் மாணவி ஒருவர் மூன்று மெய்நிகர் வட்டுகளில், ஒரு வட்டு பழுதானாலும் தரவு அழியாதபடி காக்கும் ரெய்டு 5 முறையை அமைத்து, ஒன்றைத் தாமே செயலிழக்கச் செய்தார். வட்டுகள் இயங்குவதைக் காட்டித் திரையில் வரிசையாக நின்ற மூன்று 'யூ' எழுத்துகளில் ஒன்று அடிக்கோடாக மாறியது. கோப்புகளோ அப்படியே திறந்தன. புதிய வட்டைச் சேர்த்ததும் மீட்பு விழுக்காடு ஏறியதை வகுப்பே எழுந்து நின்று பார்த்தது. உண்மையான சர்வரில் இப்படிச் சோதித்துப் பார்க்க எவர் அனுமதிப்பார்?

பயாஸில் (கணினி தொடங்கும்போது இயங்கும் அடிப்படை அமைப்பில்) மெய்நிகராக்க வசதியை இயக்காததால் முதல் நாள் அரை நாள் வீணானது. தொடங்குவோர் இதை முதலில் கவனிக்க வேண்டும். பாடத்துக்கு முன், மெய்நிகர் கணினியின் அப்போதைய நிலையைப் பதிந்து வைக்கும் ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டால், மாணவர் எதைக் குலைத்தாலும் சில நிமிடங்களில் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

ஓமலூர், ஆத்தூர் பகுதி மாணவர்களும் பயன்பெற, மாவட்டத்து அரசுக் கல்லூரிகளின் கணினி ஆய்வகங்களை விடுமுறை நாட்களில் இதற்குத் திறந்துவிடுமாறு உயர்கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணினி அறிவியல் ஆசிரியர் ஒருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்.