மீந்த நூலில் ஒரு போர்வை

க்யூர்பிப், மொரீஷியஸ்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

நீ கேட்ட போர்வை முழுசாக வராது, பாதிதான் வரும். மறுபாதியை நீதான் குரோஷேயில், அதுதான் கொக்கி ஊசியால், பின்ன வேண்டும். அதற்கான நூலைப் பெட்டியில் கட்டித் தபாலில் சேர்த்துவிட்டேன். இங்கே குளிர்காலமான ஜூலையில் ராத்திரி 13, 14 டிகிரிக்கு இறங்கினாலே நாம் ஸ்வெட்டரைத் தேடுவோம். மாண்ட்ரியலில் மைனஸ் 20 என்கிறாய். குளிருக்கு மட்டும்தான் என்றால் கடைப் போர்வையே போதும். ஆனால் இந்தப் பெட்டியில் இருப்பது எந்தக் கடையிலும் கிடைக்காது ராசா.

கூம்பு அட்டையில் சுற்றிய நூல், கோன் கோனாகச் சாம்பல் நிறத்திலும் கருநீலத்திலும் இருக்கும். நான் வேலை பார்த்த ஸ்வெட்டர் ஃபாக்டரியை மூடியபோது எங்களுக்குக் கொடுத்த நூல் அது. 1970இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்த பிறகு தீவு முழுக்க ஆடை ஃபாக்டரிகள் வந்தன. எங்கள் தலைமுறைப் பெண்கள் பலர் முதல் சம்பளம் வாங்கியது அங்கேதான். 2005 தொடக்கத்தில் எந்த நாடு எவ்வளவு துணி அனுப்பலாம் என்று உலகத் துணி வணிகத்தில் வரம்பு வைத்திருந்த கோட்டா முறை முடிந்தது. அதை ஒட்டிய வருஷங்களில் பல ஃபாக்டரிகள் கதவடைத்தன. நீ படித்த டியூஷனுக்கெல்லாம் பணம் அந்த நூலிலிருந்துதான் வந்தது. மஞ்சள் உருண்டை பாட்டியின் சால்வையில் மீந்தது. பச்சை, உன் தங்கை பிறந்தபோது பின்னிய தொப்பியில் மீந்தது. அது கொஞ்சம்தான் இருக்கிறது, பார்த்துச் செலவழி.

நிறம் பார்த்துப் பிரிக்காதே, கனம் பார்த்துப் பிரி. கனம் மாறினால் ஒரு சதுரம் சுருங்கி நிற்கும், பக்கத்துச் சதுரம் தொங்கும். எத்தனை அழகான நிறமானாலும் அதைச் சரிசெய்ய முடியாது. கோன் நூல் மெஷினுக்காக நூற்றது, தலைமுடி மாதிரி மெலிசாக இருக்கும். ஐந்தாறு இழையைச் சேர்த்துப் பிடித்தால்தான் பாட்டியின் மஞ்சள் நூலுக்கு ஈடாகும். மெஷினில் தடங்கலில்லாமல் ஓட அதில் எண்ணெய் பூசியிருப்பார்கள். உனக்கு அனுப்பியதைப் பாத்திரம் கழுவும் சோப்பு கரைத்த வெதுவெதுப்பான நீரில், கசக்காமல் ஊறவைத்து அலசிக் காயவைத்தேன். எண்ணெய் போனதும் உப்பி மெத்தென்று ஆகிவிட்டது. தொட்டுப் பார், உனக்கே புரியும்.

அங்கே உன்னிடம் மீந்த நூல் ஏதாவது இருந்தால் சேர்த்துக்கொள். ஆனால் கம்பளி மட்டும்தான். லேபிள் இல்லாவிட்டால் சின்னத் துண்டை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வைத்துத் தீயில் காட்டு. கம்பளியானால் முடி கருகும் வாசனை வரும், தீயை விலக்கியதும் அணைந்துவிடும், சாம்பல் விரலில் பொடியும். அக்ரிலிக் உருகிக் கெட்டியாக உருண்டுவிடும். இரண்டையும் கலந்தால், என்றாவது நீ மறந்துபோய் வெந்நீரில் போடும் நாளில் கம்பளி மட்டும் சுருங்கிப் போர்வை கோணிக்கொள்ளும். டிரையர் பக்கமே கொண்டுபோகாதே.

சதுரம் போட உனக்குத் தெரியும், சின்ன வயதில் என் பக்கத்தில் உட்கார்ந்து போட்டதுதான். நான்கு சங்கிலி போட்டு வளையமாக்கு. அதற்குள் மூன்று மூன்று பிரிட்டாக (ஊசியில் நூலை ஒருமுறை சுற்றிப் போடும் உயரமான பின்னல்) நான்கு கொத்து, ஒவ்வொரு கொத்துக்கும் பிறகு இரண்டு சங்கிலி. அந்தச் சங்கிலி இடம்தான் மூலை. அடுத்த சுற்றிலிருந்து மூலைக்கு இரண்டு கொத்து, நடுவே அவற்றைப் பிரிக்க இரண்டு சங்கிலி. நேர்ப்பக்க இடைவெளிக்கு ஒரு கொத்து. நான்கு சுற்றில் ஏறக்குறைய 12 செ.மீ. வரும். அகலத்துக்கு 10, நீளத்துக்கு 14, ஆக 140 சதுரம். ஆளுக்கு 70. உள்ளே எந்த நிறம் வேண்டுமானாலும் போடு. கடைசிச் சுற்று மட்டும் சாம்பல் நிறம். உன்னுடையதும் என்னுடையதும் அதில்தான் சேரும்.

மீந்த நூலில் பின்னினால் நிறம் மாறும் ஒவ்வொரு இடத்திலும் முனை தொங்கும். 15 செ.மீ. விட்டு வெட்டி, தையல் ஊசியில் கோத்துப் பின்னலுக்குள் முன்னும் பின்னுமாக ஓட்டிவிடு. அன்றன்றைக்கு முடித்துவிடு. முடிச்சுப் போட்டு ஒட்ட வெட்டினால் நாலு துவைப்பில் பிரிந்துவிடும். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

ஆள் ஆளுக்கு ஓர் ஊரில் பின்னியது ஒன்றாகுமா என்று சந்தேகம் வேண்டாம். 2016 ஜனவரியில் சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் குரோஷே போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை செய்தார்களே, அதுவும் நிறையப் பெண்கள் பல ஊர்களிலிருந்து பின்னிக் கொடுத்த துண்டுகளை இணைத்ததுதான்.

எனக்கு ஒரே யோசனை, கை இறுக்கம். நீ சின்ன வயதிலேயே நூலை இறுக்கிப் பிடிப்பாய், என் கை தளர்வு. பெட்டியில் 4 மி.மீ. குரோஷே ஊசி வைத்திருக்கிறேன். முதல் சதுரத்தைப் போட்டு, நனைத்துக் காயவைத்து, ஸ்கேல் பக்கத்தில் வைத்துப் படம் அனுப்பு. 11 செ.மீ.தான் வந்தது என்றால் அவிழ்க்காதே, ஊசியையும் மாற்றாதே. உன் கைக்கு எது வருகிறதோ அதுவே அளவு. நான் 3.5 மி.மீ. ஊசிக்கு மாறி என் சதுரங்களை உன் அளவுக்குக் கொண்டுவந்துவிடுவேன். உன் படம் வந்த பிறகுதான் நான் தொடங்குவேன்.

அன்புடன்,
அம்மா