கட்டைவிரலைப் பற்றி நான் கேட்கவில்லை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. செயல்முறை அறையில் மேசையைச் சுற்றி நீங்கள் எல்லோரும் நிற்கும் படத்தை அம்மா காட்டினாள். நீ சற்று மெலிந்திருந்தாலும் முகத்தில் தெளிவு இருக்கிறது. உன் வலது கட்டைவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டு வரை தோல் நிறத்தில் ஒரு டேப் ஒட்டியிருப்பதையும் பார்த்தேன். படத்தைப் பெரிதாக்கித்தான் பார்த்தேன், அதை மறைப்பானேன். வகுப்பில் ஒருவருக்கொருவர் டேப் ஒட்டிப் பழகுவது வழக்கம்தான், இதுவும் அப்படி ஒட்டியதாக இருக்கலாம். ஆகவே அதைப் பற்றி நான் எதுவும் கேட்கப்போவதில்லை.

வேலையில் நிலைபெற்று, நோயாளிகள் உன் பெயரைச் சொல்லிக் கேட்டு வரத் தொடங்கிய நேரத்தில், எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மறுபடியும் மாணவியாகப் போகிறேன் என்று நீ சொன்னபோது, தயங்கியது உன் அம்மாதான், நான் அல்ல. பிசியோதெரபியில் மூட்டுகளைக் கையால் அழுத்தியும் அசைத்தும் சிகிச்சை தரும் மேனுவல் தெரபியில் மேற்பயிற்சி என்றால் வார இறுதியில் ஒரு சான்றிதழ் வாங்கிவருவது என்று நினைப்பவர்களிடம் நான் இன்றும் பொறுமையாக விளக்கிக்கொண்டிருக்கிறேன். 1974இல் மான்ட்ரியலில் தொடங்கப்பட்ட இந்தத் துறையின் சர்வதேசக் கூட்டமைப்பு வகுத்திருக்கும் தரத்தின்படி, வழிகாட்டி ஒருவர் அருகிலிருக்க நோயாளிகளைப் பார்க்கும் நேரம் மட்டுமே குறைந்தது 150 மணி நேரம் என்று சொன்னவுடன் அவர்கள் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். உன்னைப் பற்றி இப்படிப் பெருமையடிக்க எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் அந்த 150 மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று யாராவது கேட்டால், அண்மைக் காலமாக எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. 'சரிப்பா', 'பிஸிப்பா' என்ற இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு நான் எவ்வளவுதான் சொல்ல முடியும்?

சேர்ந்த புதிதில் நீ எழுதிய கடிதங்கள் அப்படி இருக்கவில்லை. உன் வழிகாட்டி உன் கையைத் திருத்துவதை விட உன் யோசனையைத் திருத்துவதில்தான் அதிக நேரம் செலவிடுகிறார் என்று எழுதியிருந்தாய். அதை நான் இரண்டு முறை படித்தேன். கழுத்தை வலப்பக்கம் பாதி தூரம் திருப்பியதும் வலி வந்து நின்றுபோகும் ஒருவரை எடுத்துக்கொண்டு, அவருடைய கழுத்து முள்ளெலும்பின் மேல் அரை நிமிடம் அழுத்தம் கொடுத்துவிட்டு, உடனே மறுபடியும் திருப்பச் சொல்லி, எவ்வளவு மாறியது, ஏன் மாறியது, மாறவில்லையென்றால் உன் கணிப்பில் எது தவறு என்று கேட்டுக்கொண்டே இருப்பார் என்றாய். பயிற்சியின் சாரமே அதுதான். ஆஸ்திரேலிய பிசியோதெரபிஸ்ட் மெயிட்லாண்ட் இந்தத் துறைக்கு விட்டுச்சென்ற பெரிய சொத்து அவருடைய கைப்பிடிகள் அல்ல; தொட்டதற்குப் பிறகு திரும்பவும் சோதித்துப் பார்க்கும் அந்த ஒழுங்குதான் என்பது என் எண்ணம். என் தலைமுறையில் பாதிப் பேர் அதைப் பழகவே இல்லை. நோயாளிக்குச் சிகிச்சை மெஷினைப் போட்டுவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடுவோம்.

மெஷின் என்றதும் நினைவுக்கு வருகிறது. முழங்கால் தேய்மானத்துக்கு மேனுவல் தெரபியும் உடற்பயிற்சியும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த 2000ஆம் ஆண்டு ஆய்வை நீதான் எனக்கு அனுப்பினாய். 83 நோயாளிகள். ஓராண்டுக்குப் பிறகு பார்த்தபோது, சிகிச்சை பெற்றவர்களில் 5 சதவீதம் பேரும் மற்ற பிரிவில் 20 சதவீதம் பேரும் மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டிருந்தார்கள். அந்த மற்ற பிரிவுக்குப் பெயருக்குக் கொடுத்த போலிச் சிகிச்சை எது என்று பார்த்தால், பலன் தராத அளவுக்குக் குறைத்துவைத்த அல்ட்ராசவுண்ட், ஒலி அலையால் வலி தணிக்கும் அதே மெஷின்! நான் ஆயுள் முழுவதும் கட்டிக்கொண்டு அழுத கருவி. அன்று நீ சிரித்த சிரிப்பு அம்மாவுக்கு அடுத்த அறையில் கேட்டது.

கேட்க மாட்டேன் என்று சொன்னேன், கேட்கவில்லை. பொதுவாகச் சில விஷயங்களை மட்டும் சொல்கிறேன். கட்டைவிரல் நுனியால் 1 கிலோ விசையோடு ஒன்றைக் கிள்ளிப் பிடித்தால், அதன் அடி மூட்டின் மேல் ஏறத்தாழ 12 கிலோ விழுகிறது என்று 1977இல் வெளியான ஒரு கணக்கு உண்டு. முதுகெலும்பின் மேல் அழுத்துவது கிள்ளுவது அல்ல என்று நீ சொல்வாய். ஒப்புக்கொள்கிறேன், ஆனால் சுமையை வாங்கும் மூட்டு அதேதான். அது சேணம் போன்ற மூட்டு. எல்லாப் பக்கமும் அசையும் வசதிக்கு உறுதியை விலையாகக் கொடுத்த மூட்டு. விரல் நுனி பின்னோக்கி வளைந்த நிலையில் அழுத்திக்கொண்டிருந்தால் அதற்குப் பாதுகாப்பே இல்லை. உன் விரல்கள் சிறு வயதிலிருந்தே அதிகமாகப் பின்னுக்கு வளைபவை. அவை யாரிடமிருந்து வந்தன என்பதும், பாட்டில் மூடியை நான் ஏன் பேசாமல் அம்மாவிடம் நீட்டுகிறேன் என்பதும் உனக்குத் தெரியும்.

ஆகவே, முதுகில் மேலிருந்து கீழாக அழுத்தும்போது கட்டைவிரலை விட்டுவிட்டு, உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க ஓரத்தை, மணிக்கட்டில் அந்தப் பக்கம் துருத்தும் பிசிஃபார்ம் என்ற சிறு எலும்புக்குச் சற்றுக் கீழே, வைத்து அழுத்து. முழங்கையை நேராக வைத்து, உடலை முன்னால் கொண்டுவந்து, எடை தோளிலிருந்து இறங்கட்டும். மேசையைத் தாழ்த்திக்கொள். கட்டைவிரல் கட்டாயம் வேண்டிய இடம் கழுத்துதான். அங்கே வேண்டிய விசையும் குறைவு. இதையெல்லாம் உனக்குச் சொல்ல நான் யார் என்று தோன்றும். தோன்றட்டும், மேசையைத் தாழ்த்திக்கொள்.

நீ படிக்கும் பாடமே என் பக்கம்தான் இருக்கிறது. எலும்பு இடம் விலகியிருக்கிறது, அதைத் தள்ளி உட்காரவைக்கிறோம் என்று நாங்கள் நம்பிய காலம் போய்விட்டது. கையின் தொடுதல் நரம்பு மண்டலத்தின் வழியாக வலியைத் தணிக்கிறது என்பதுதான் இன்றைய முதன்மையான விளக்கம். மூட்டில் 'டக்' என்று சத்தம் வந்தால்தான் பலன் என்பதும் இல்லை. மூட்டுக்குள் வாயு வெற்றிடம் உருவாகும்போது அந்தச் சத்தம் பிறப்பதை 2015இல் எம்ஆர்ஐயில் நேரடியாகவே படம்பிடித்துக் காட்டிவிட்டார்கள். கடும் வலியோடு வருபவருக்கு முதலாம், இரண்டாம் கிரேடு எனப்படும் மென்மையான அசைவே போதும் என்று உன் கையேடே சொல்கிறது. அப்படியிருக்க, யாருக்கு நிரூபிக்க இவ்வளவு அழுத்தம்?

கழுத்தில் கை வைப்பதற்கு முன் ரத்த அழுத்தம் பார், தலைச்சுற்றல், பார்வைக் கோளாறு, விழுங்குவதில் சிரமம் உண்டா என்று கேள், கபால நரம்புகளைச் சோதி என்று நான் ஒவ்வொரு முறையும் சொல்வதும், அதற்கென 2012இல் வந்து 2020இல் திருத்தப்பட்ட வழிகாட்டுதலே இருக்கிறதப்பா, அதைத்தான் தினமும் செய்கிறோம் என்று நீ சலித்துக்கொள்வதும் நம் வீட்டுப் பழக்கம். நோயாளியின் கழுத்து ரத்தக் குழாய்க்கு இவ்வளவு கவனம் காட்டுகிறவள் நீ. வலியை மறைத்துக்கொண்டு வந்து, நன்றாக இருக்கிறேன் என்று சொல்லும் நோயாளியிடம் எத்தனை கடுமையாக நடந்துகொள்வாய் என்றும் எனக்குத் தெரியும்.

அடுத்த செயல்முறைத் தேர்வுக்கு முன் வழிகாட்டியிடம் சொன்னால் உன்னைப் பலவீனமானவள் என்று நினைத்துவிடுவார் என்ற பயம் உனக்கு இருக்கலாம் என்று அம்மா சொல்கிறாள். அந்த இடத்தில் நிற்பவருக்குக் கட்டைவிரல் வலி புதிய செய்தியாக இருக்காது. கை வைத்துத் தொழில் செய்பவர்களிடம் இது மலிந்து கிடக்கிறது. கைப்பிடியை மாற்றிச் செய்து காட்ட அனுமதி கேள். மறுத்தால் தேர்வைத் தள்ளிப்போடு. ஓர் ஆண்டு போனாலும் போகட்டும், யாருக்கும் பதில் சொல்லும் பொறுப்பு என்னுடையது.

அம்மாவின் தோள் இன்னும் தலைக்கு மேல் உயரவில்லை. நான் சொல்லும் பயிற்சியைச் செய்யாமல், நீ வந்து பார்க்கட்டும் என்று காத்திருக்கிறாள். வேறு செய்திகள் இருந்தன. எழுத இப்போது மனம் ஓடவில்லை.

நீளமாகப் பதில் எழுத வேண்டாம். கட்டைவிரலை நீளவாக்கில் உள்நோக்கி அழுத்திச் சுழற்றினால் அடி மூட்டில் வலிக்கிறதா, அல்லது அதை உள்ளங்கைக்குள் மடக்கி மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்தால் வலிக்கிறதா, இரண்டில் எது என்று மட்டும் எழுது. காலையில் எழுந்ததும் ஒருமுறையும், நோயாளிகளைப் பார்த்து முடித்த பிறகு ஒருமுறையும் செய்து பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
அப்பா