பில்லில் இலக்கத்தை எழுதுங்கள்: உதிரிப்பாக முதலாளிமாருக்கு நானுஓயாவிலிருந்து ஒரு திறந்த மடல்

கொழும்பில் பாவித்த வாகன உதிரிப்பாகங்களை இறக்கி விற்கும் முதலாளிமார் அனைவருக்கும்,

வணக்கம். நான் நுவரெலியாவுக்குக் கிட்ட, நானுஓயாப் பக்கம் ஒரு சின்ன கராஜ் வைத்திருப்பவன். உங்கள் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் பதினேழு வருடமாக வந்துபோகிறேன். உங்களில் பலருக்கு என் முகம் தெரியும். கையில் காசு குறைந்த நாளில், "சாமானைக் கொண்டு போங்க, பிறகு அனுப்புங்க" என்று சொன்னவர்களும் உங்களில் இருக்கிறார்கள். அந்த நன்றி மனதில் இருப்பதால்தான் வேறு எங்கும் முறையிடாமல் உங்களுக்கே எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ ஒன்றை விற்கும்போது அது எந்த டர்போ என்று பில்லில் எழுதித் தாருங்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். மரக்கறி லொறி ஓட்டும் தம்பி ஒருவர் வருடக்கணக்கில் சேமித்து ஒரு பழைய மிட்சுபிஷி லான்சர் எவலூஷன் 2 கார் வாங்கினார். நுவரெலியா மாகாஸ்தோட்டையில் 1934 முதல் ஏப்ரல் போட்டியில் கார்கள் மலையேறுகின்றன. அந்தக் காலத்தில் என் தாத்தா தேயிலைக்குள் நின்று பார்த்தவர். இன்று தோட்டத்துப் பிள்ளை ஒருவன் தானே ஸ்டியரிங் பிடித்து ஏற ஆசைப்படுகிறான். இதைச் சின்ன விஷயமாக யாரும் நினைக்க வேண்டாம்.

அந்தக் காருக்கு எந்த டர்போ என்று இரண்டு பேரும் ஒரு மாதம் யோசித்தோம். பெரிதாக ஒன்றைப் போடலாம்தான். ஆனால் எங்கள் பாதை கொண்டை ஊசி வளைவுகளால் ஆனது. பெரிய டர்போ மூச்சுப் பிடித்து எழும்புவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். அதனால் அடுத்த மாடலான எவலூஷன் 3 இல் வந்த டர்போதான் சரி என்று முடிவெடுத்தோம். எஞ்சினின் புகை வெளியேறும் பழைய மேனிபோல்டிலேயே உட்காரும். எவலூஷன் 2 க்கும் 3 க்கும் 16ஜி என்ற ஒரே பெயர்தான், வயிறுதான் வேறு. முன்னதின் கொம்ப்ரஸர் வீலுக்கு, அதாவது காற்றை அழுத்தும் சக்கரத்துக்கு, வாய்ப்பக்கம் 46.5 மில்லிமீற்றர், பின்பக்கம் 60. பின்னதற்கு 48.3, 68.

வாய்ப்பக்கம் இரண்டு மில்லிமீற்றர் கூட வித்தியாசம் இல்லையே என்று கவுண்டரில் நிற்பவர் நினைக்கலாம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கொழும்பில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். கொழும்பில் 1 பார் பூஸ்ட், அதாவது வெளிக்காற்றுக்கு மேல் இன்னொரு அவ்வளவு அழுத்தம், எடுக்க டர்போ காற்றை இரண்டு மடங்கு அழுத்தினால் போதும். அதே காற்றை எங்கள் மலையில் எஞ்சினுக்குள் தள்ள ஏறக்குறைய இரண்டரை மடங்கு அழுத்த வேண்டும். சின்ன வீல் அதற்காகத் தன் அளவை மீறிச் சுற்றும். காற்று சூடேறும், பெற்றோல் தாறுமாறாகத் தானே வெடித்து எஞ்சின் நொக் அடிக்கும், கடைசியில் பிஸ்டன் போகும். கீழே சமாளித்துக்கொள்ளும் சாமான் மேலே சமாளிக்காது.

கடையில் கேட்டோம். "எவோ 3 சாமான்தான் தம்பி, ஜப்பான்ல கழட்டினது, கண்ண மூடிக்கிட்டு போடுங்க" என்றார்கள். வாய் இரண்டிலும் டேப் ஒட்டியிருந்தது. டேப்பை உரித்தால் எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். 185,000 ரூபா. பில்லில் எழுதியிருந்தது "டர்போ 1" என்பது மட்டும். அதன் கீழே, விற்ற சாமான் திருப்பி எடுக்கப்படமாட்டாது என்ற ரப்பர் முத்திரை.

இரவு கராஜில் டேப்பை உரித்தேன். அளவு பார்க்கும் வேர்னியரை வீலின் வாய்ப்பக்கம் வைத்தேன். 46.5. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். அதே 46.5. தம்பி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் பேசவில்லை. வெள்ளி நிறப் பெயின்ற் புதிது, டர்போவின் பாக இலக்கத் தகட்டின் ரிவிட்டும் புதிது. வீலைத் தாங்கும் ஷாப்ட்டின் நட்டைப் பிடித்து ஆட்டினேன். வீல் சுவரில் போய்த் தட்டியது. உள்ளேயும் வெளியேயும் இழுத்தால் அந்த ஆட்டமும் விரலுக்குத் தெரிந்தது. டோர்ச் அடித்துப் பார்த்தால் ஒவ்வொரு இதழின் நுனியும் தேய்ந்து பளபளத்தது.

நாங்கள் வைத்திருந்ததைவிடப் பெரிது என்று வாங்கினோம். வந்ததோ அதே அளவில், அதைவிட மோசமான ஒன்று.

மறுநாள் இரவு பஸ் ஏறினேன். டர்போவை அரிசிப் பையில் சுற்றி விடியும்வரை மடியிலேயே வைத்திருந்தேன். கடை திறக்கும்வரை படியில் உட்கார்ந்திருந்தேன். "ஒயில் இல்லாட்டி அப்படித்தான் ஆடும்" என்றார் அங்கிருந்தவர். ஐயா, ஒயில் இல்லாதபோது பக்கவாட்டில் கொஞ்சம் ஆடும், அது எனக்கும் தெரியும். சுவரில் தட்டும் அளவுக்கு ஆடக்கூடாது. முன்னும் பின்னும் உணரும்படி ஆடவே கூடாது. அளவைப் பற்றிக் கேட்டேன். "எவோ 3 என்று பில்லில் எங்கே இருக்கு?" என்று திருப்பிக் கேட்டார். எனக்குப் பதில் இல்லை. பில்லில் இல்லைதானே.

அந்த ஏப்ரலில் தம்பி போட்டிக்கு ஏறவில்லை. வேலியோரம் நின்று பார்த்தார்.

அதைப் பூட்டி ஏறியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல் சுற்றும் ஷாப்ட் அது. உடைந்தால் எஞ்சின் ஒயில் முழுவதும் கொதிக்கும் எக்ஸோஸ்டுக்குள் போகும். வளைவுதோறும் சனம் நிற்கும் பாதை. 2024 ஏப்ரலில் தியத்தலாவைப் பந்தயத்தில் கார் பாதையை விட்டு விலகி 7 பேர் இறந்ததை நாடே பார்த்தது. அந்த விபத்தை இதோடு நான் முடிச்சுப் போடவில்லை. ஆனால் அதன் பிறகு, ஆடுகிற ஷாப்ட்டோடு ஒரு காரை மலைக்கு அனுப்ப என் கை வராது.

உங்கள் கஷ்டமும் எனக்குத் தெரியும். 2020 இல் வாகன இறக்குமதி நின்றது, 2022 இல் டொலர் எகிறியது, கொண்டெயினருக்குள் என்ன வருகிறது என்று உங்களுக்கே முழுதாகத் தெரியாத நாட்கள் இருந்தன. சரி. தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதுங்கள், அந்த விலைக்கு நாங்கள் வாங்குகிறோம். ஆனால் கொழும்புக்காரர் மாலையே சாமானோடு திரும்பி வந்துவிடுவார், மலையில் இருப்பவன் வரமாட்டான் என்ற கணக்கில் விற்காதீர்கள். டர்போ மட்டுமல்ல, கியர்பொக்ஸிலும் பம்பிலும் இதே கதைதான். எங்களுக்கு வரும் தேயிலைத் தூளிலிருந்து டயர் வரைக்கும் கழித்தது, மிஞ்சியது என்றே வந்து பழகிவிட்டது. தேயிலை விளைகிற ஊரிலேயே இந்த நிலைமை.

கோபத்தில் வார்த்தை நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பணிவோடு மறுபடி கேட்கிறேன். மாடல், தகட்டில் உள்ள பாக இலக்கம், வீலின் இரண்டு அளவுகள், ஷாப்ட் இருக்கும் நடுப்பாகமான கோர் பிரித்துப் பூட்டியதா இல்லையா என்ற ஒரு சொல், இவ்வளவையும் பில்லில் எழுதுங்கள். டேப்பை உங்கள் முன்னாலேயே உரித்து அளக்க விடுங்கள். ஒரு வேர்னியரைக் கவுண்டரில் வைத்திருங்கள், இரண்டு நிமிட வேலை. மலைநாட்டில் இருந்து வருகிறவர்களுக்கு, அளவு பிழைத்தால் திருப்பித்தர இரண்டு கிழமை தாருங்கள்.

அந்த டர்போ இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. நுவரெலியாவுக்கு வரும்போது உங்களில் யாராவது இறங்கி ஒரு தடவை அந்த நட்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். தேத்தண்ணி நான் ஊற்றித் தருகிறேன்.

இப்படிக்கு,
நானுஓயா மெக்கானிக் ஒருவன்