பேஸ்மேக்கர் வைத்த கதை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. தங்கச்சிக்கு பேஸ்மேக்கர் வைக்கச் சொல்லிவிட்டார்கள், இனி அவள் இதயம் மெஷினை நம்பித்தான் ஓடுமா என்று கேட்டிருக்கிறாய். எனக்கு வைத்து இரண்டு வருஷம் ஆகிறது, சொல்கிறேன் கேள்.

பல் துலக்கிக்கொண்டிருந்தவன் கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். பிரஷ் கையிலேயே இருந்தது. சர்க்கரை, கழுத்து எலும்பு, வயசு என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஒரு நாள் முழுக்க மார்பில் ஒட்டிவைத்த ஹோல்டர் கருவிதான் காட்டிக்கொடுத்தது: இடையில் நான்கு நொடிக்குத் துடிப்பே இல்லை.

'ஹார்ட் பிளாக்' என்றார் டாக்டர். ஸ்டென்ட் வைத்தால் போதாதா என்று அவரிடம் வாதாடினேன், கேலி செய்யாதே. இது ரத்தக்குழாய் அடைப்பு இல்லையாம், இதயத்தைத் துடிக்க வைக்கும் மின் சைகை போகும் வழியில் தடை. இதயத்தின் வலது மேலறையில் சைனஸ் கணு என்று ஒரு சின்னத் திட்டு இருக்கிறது. நாம் சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை துடிக்கச் சொல்வது அதுதான். எனக்கு மேலே அந்த உத்தரவு ஒழுங்காகக் கிளம்பியது, கீழறைகளுக்குத்தான் அவ்வப்போது போய்ச் சேரவில்லை. சிலருக்குக் கிளம்பும் இடமே சோர்ந்துபோகும்.

பேஸ்மேக்கர் ரத்தத்தை இறைப்பதில்லை, அது தசையின் வேலை. இது கவனித்துக்கொண்டே இருக்கும். துடிப்பு தானாக வந்தால் பேசாமல் இருக்கும், வராவிட்டால் சின்ன மின்துடிப்பால் ஒரு தட்டு தட்டும். சிலருக்கு ஒவ்வொரு துடிப்புக்கும் தட்ட வேண்டியிருக்கும். அந்தத் தட்டு எனக்குத் தெரிவதே இல்லை.

1958-இல் ஸ்டாக்ஹோமில் ஆர்னே லார்சன் என்பவருக்குத்தான் முதன்முதலில் உடலுக்குள் வைத்தார்கள். அந்தக் கருவி சில மணி நேரத்தில் நின்றுவிட்டது! மனுஷன் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றி மாற்றி 2001 வரை இருந்தார். கருவியை வடிவமைத்த எல்ம்க்விஸ்ட், பொருத்திய சென்னிங் இரண்டு பேருமே அவருக்கு முன்னால் போய்விட்டார்கள்.

எனக்கு அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, காலர் எலும்புக்குக் கீழே வைத்தார்கள். ஒயரை ரத்தநாளம் வழியாக இதயத்துக்குள் விட்டார்கள். அது நகர்ந்துவிடக் கூடாதென்று சில வாரம் அந்தப் பக்கக் கையைத் தோளுக்கு மேல் தூக்க விடவில்லை. சட்டை மாட்டுவதே பெரும்பாடு. செல்போன் கருவியைக் குழப்பிவிடக் கூடாதென்று இப்போதும் அதை மற்றப் பக்கக் காதில்தான் வைக்கிறேன்.

அப்புறம் ஒன்று, வழக்கமாக இடது பக்கம்தான் வைப்பார்கள். தங்கச்சிக்கு இடது கைப் பழக்கமாயிற்றே, டாக்டரிடம் முன்னாலேயே சொல்லிவிடு.

அன்புடன்,
மூர்த்தி