குருகும் குருவியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த காதல் கவிதைக் கட்டுரையில் ஒரு வரி: 'சங்கப் புலவர்களுக்கு இயற்கை வெறும் பின்னணித் திரை.' இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

இதற்குச் சான்றாகக் கட்டுரையாளர் ஒரு பாட்டை வேறு எடுத்துப் போட்டிருக்கிறார். பாட்டெண் இல்லை, நானே தேடிக்கொண்டேன், குறுந்தொகை 25. கபிலரின் தலைவி அதில் என்ன சொல்கிறாள் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. தலைவன் அவளைக் கூடிய நாளில் அங்கே வேறு யாரும் இல்லை; ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகக் காத்துநின்ற குருகு என்ற நீர்ப்பறவை மட்டும் இருந்தது. நாளை அவன் இல்லையென்று சாதித்தால் அவளுக்குள்ள ஒரே சாட்சி, மீன்மேலேயே கண்ணாக இருந்த ஒரு பறவை. இதுவா திரை? போதாக்குறைக்கு உங்கள் அச்சில் 'குருகு' 'குருவி' ஆகிவிட்டது. தினைத்தாள் போன்ற காலோடு தண்ணீரில் நின்று மீன் பார்க்கும் குருவியை நான் கண்டதில்லை. உங்கள் ஓவியர் அதை மரக்கிளையில் உட்காரவைத்து வரைந்தே விட்டார்.

நான் தமிழ் படித்தவனல்ல, கணக்கெழுதிப் பிழைத்தவன். என் மனைவி வைத்த முல்லைக்கொடி ஒன்று வீட்டில் நிற்கிறது. மாலையில் அரும்பு பறித்து மடியில் கட்டிக்கொண்டு வருவாள். அவள் போன பிறகும் அது பூத்தது. பறிக்க ஆளில்லாமல் காலையில் தரையெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும், நான்தான் பெருக்குவேன். வெட்டிவிடலாமா என்றுகூட இருந்தது. அப்போதுதான் புறநானூறு 242 கண்ணில் பட்டது. சாத்தன் என்ற வீரன் மாய்ந்துவிட்டான், இளையோர் சூடார், வளையோர் கொய்யார், 'முல்லையும் பூத்தியோ' என்கிறார் குடவாயிற் கீரத்தனார். அந்த ஓகாரத்தைத் தாண்ட எனக்குப் பல நாள் ஆயிற்று. கொடியை இன்னும் வெட்டவில்லை.

குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்கியவரும் இதே கபிலர்தான். உங்கள் கவிதைப் பக்கத்திலோ இதழ் தவறாமல் 'பெயர் தெரியாத பூ' உதிர்கிறது, 'ஏதோ ஒரு பறவை' கத்துகிறது. நிலாவுக்கு மட்டும் விடுப்பே கிடையாது. முன்பொரு முறை நான் அனுப்பிய நாலு வரிக்கு, அதில் நிலா இல்லாத குறையாலோ என்னவோ, பதிலே வரவில்லை. அது கிடக்கட்டும்.

அடுத்த இதழில் 'குருவி' என்பதைக் 'குருகு' என்று திருத்தி ஒரு வரி போடுங்கள். பழம்பாட்டை எடுத்தாளும்போது பாட்டெண்ணையும் சேர்த்தால், என்னைப் போன்றவர்கள் எடுத்துப் பார்த்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருவர்