கரிக்குள் இருக்கும் இரும்பையும் ஒரு வரி கேளுங்கள்

பசுமை மின்முனைத் திட்டங்களுக்கு நிதி ஒதுக்கும் மதிப்பீட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். கரியமில வாயுவை மின்சாரத்தால் கார்பன் மோனாக்சைடாகவோ ஃபார்மேட்டாகவோ எத்திலீனாகவோ மாற்றுவது பற்றி உங்களுக்குப் பாடம் நடத்த வரவில்லை. இந்த ஆண்டுப் படிவத்தில் ‘மின்முனையில் புதுப்பிக்கத்தக்க பொருளின் எடை விழுக்காடு’ என்று புதிதாக ஒரு கட்டம் வந்திருக்கிறது. அதற்குத் தனி மதிப்பெண்ணும் உண்டு. நல்லது. ஆனால் அந்தப் பொருளில் சாம்பல் எவ்வளவு, சாம்பலில் என்னென்ன உலோகம் என்று கேட்க ஒரு கட்டம்கூட இல்லை. போதாததற்கு, உலோகப் பகுப்பாய்வுக் கட்டணமும் கார்பன்-13 (விளைபொருளின் கார்பன் எங்கிருந்து வந்தது என்று காட்டிக்கொடுக்கும், சற்றுக் கனமான கார்பன் வகை) கொண்ட கரியமில வாயுவுக்கான தொகையும் ‘தவிர்க்கக்கூடிய செலவு’ என்று வெட்டுப்பட்டுத் திரும்பி வருகின்றன.

சாம்பல் கணக்கையும் வெற்றுச் சோதனையையும் (கரியமில வாயு இல்லாமலும் மின்சாரம் இல்லாமலும் ஓட்டிப் பார்ப்பது) படிவத்தில் கேளுங்கள். அவற்றுக்கான பணத்தில் கை வைக்காதீர்கள். கோரிக்கை இவ்வளவுதான்.

புதுப்பிக்கத்தக்க பொருளாக மின்முனையில் பூசும் சிரட்டைக் கரியையே எடுத்துக்கொள்வோம். ஒரு கிராம் கரியில் 100 மைக்ரோகிராம் இரும்பு இருக்கிறது என்று வையுங்கள். சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லிகிராம் கரி பூசினால் அதில் சுமார் 10¹⁵ இரும்பு அணுக்கள் வந்துவிடும். ஒரு சதுர சென்டிமீட்டர் தட்டையான உலோகப் பரப்பில் இருக்கும் அணுக்களும் ஏறத்தாழ அத்தனைதான். எல்லாம் வெளியே தெரியாது; பத்தில் ஒன்று தெரிந்தாலே போதும். யூரியாவோ மெலமினோ சேர்த்துச் சுட்டிருந்தால் இரும்பு நைட்ரஜனோடு கட்டிக்கொண்டு கார்பன் மோனாக்சைடு தரும். ‘உலோகமற்ற வினையூக்கி’ என்று கட்டுரை வெளியாகிவிடும். இரும்பு துகளாகத் தங்கினால் ஹைட்ரஜன்தான் வரும். நல்ல கரி கெட்ட பெயர் வாங்கும். இரும்பு டிரம்மில் சுட்ட கரிக்கும் குழியில் சுட்ட கரிக்கும் கணக்கு வேறு. அடுத்த மூட்டை வந்தால் அதே செய்முறை வேறு விடை தருவதில் வியப்பில்லை.

அமிலத்தில் கழுவினோம் என்பது பதிலாகாது. 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 80 டிகிரியில் இரவு முழுக்க வைத்தால் பொட்டாசியமும் கால்சியமும் பெரும்பாலும் போய்விடும். கிராஃபைட் ஓட்டுக்குள் அடைபட்ட இரும்பு போகாது. நெல் உமிக் கரியின் சிலிக்காவுக்குச் சூடான காரம் வேண்டும். இத்தனையும் செய்துவிட்டு எஃகு உருண்டை போட்ட ஆலையில் அரைத்தால், கழுவிய இரும்பு வேறு வழியில் திரும்பி வருகிறது. எதிர்ப்பக்கம் பிளாட்டினம் கம்பி வைத்தால் அதுவும் கரைந்து வந்து, கரியமில வாயு மாறும் மின்முனையான கேத்தோடில் படியும். மின்கரைசலுக்கான உப்பில் துளியளவு இருக்கும் இரும்பும் துத்தநாகமும் செம்பு மின்முனையை முடக்கிவிடும் என்று ஹோரியும் குழுவினரும் 2005இலேயே காட்டிவிட்டார்கள். உப்புக்கே அந்தக் கதி என்றால் கரியைக் கேட்க வேண்டாமா?

கரித்தூளை மின்முனையில் ஒட்டவைக்க இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் பிசின் இதைவிட வேடிக்கை. அதைக் கரைக்க 1 விழுக்காடு அசிட்டிக் அமிலம் வேண்டும். கரியும் பிசினும் கலந்த இந்த மையை 100 மைக்ரோலிட்டர் பூசினால் 1 மில்லிகிராம் அமிலம், அதாவது சுமார் 17 மைக்ரோமோல், மின்முனையில் ஏறுகிறது. 10 மில்லிஆம்பியரில் ஒரு மணி நேரம் ஓட்டினால், முழு மின்னோட்டமும் அசிட்டேட் ஆனாலும் கிடைப்பது 47 மைக்ரோமோல்தான். உலர்த்திய பிறகும் அமிலத்தில் பத்தில் ஒரு பங்கு பிசினோடு உப்பாகத் தங்கினால், ஒன்றும் நடக்காமலே ‘அசிட்டேட், ஃபாரடே திறன் 3.6 விழுக்காடு’ (அதாவது மின்சாரத்தில் அவ்வளவு பங்கு அசிட்டேட் ஆனது) என்று எழுதிவிடலாம். கார்பன்-13 வாயுவும், மின்கரைசலில் கார்பன்-13 பைகார்பனேட்டும் கொண்டு ஓட்டிப் பார்த்தால் குட்டு உடையும்: அசிட்டேட் அந்த வாயுவிலிருந்தே வந்திருந்தால், என்எம்ஆரில் (மூலக்கூறுகளை அடையாளம் காணும் காந்த ஒத்ததிர்வுச் சோதனையில்) 1.9 அருகே வரும் அதன் மெத்தில் உச்சி பிளவுபட வேண்டும். பிளவுபடாமல் ஒற்றையாகவே நின்றால் அது பழைய வினிகர். (பைகார்பனேட்டைச் சாதாரணமாக விட்டால் அது வாயுவோடு கார்பனை மாற்றிக்கொண்டு விடையைக் குழப்பும்.) நீங்கள் வெட்டியது இந்த வாயுவைத்தான்.

இன்னொன்று. நீரை ஒட்டவிடாத டெஃப்லான் பிசினை எடுத்துவிட்டு நீரை விரும்பும் செல்லுலோஸ் பிசினைப் போட்டால் எடை விழுக்காடு ஏறும்; சில மணி நேரத்தில் வாயுப் பாதையில் நீர் புகுந்து ஹைட்ரஜன் மட்டுமே வரும். ஒரு மணி நேர ஓட்டத்தை வைத்து மதிப்பெண் போடுகிற வரை இது உங்கள் கண்ணில் படாது. கேத்தோடு சிரட்டை, எதிர்ப்பக்க மின்முனையான ஆனோடு இரிடியம்! உலகம் முழுக்க ஆண்டுக்குப் பத்து டன்கூடத் தோண்டப்படாத உலோகம் அது. அதற்குக் கட்டம் இல்லை. அறிக்கை அட்டையில் பச்சை இலைக்கு மட்டும் இடம் இருக்கிறது.

கோபம் மிஞ்சிவிட்டது, பொறுத்தருளுங்கள். அடுத்த அழைப்புக்கான படிவம் அச்சாகும் முன் இவற்றைச் சேர்க்கும்படி பணிவுடன் கேட்கிறோம்: மூலப்பொருளுக்கும் முடிந்த மின்முனைக்கும் தனித்தனியே சாம்பல் விழுக்காடும் இரும்பு, நிக்கல், செம்பு, துத்தநாக அளவும், அதே மின்னழுத்தத்தில் கரியமில வாயுவுக்குப் பதில் ஆர்கான் வாயுவோடு ஓர் ஓட்டம், மின்சாரம் இல்லாமல் கரைசலில் ஒரு மணி நேரம் ஊறவைத்த சோதனை, முக்கிய முடிவுக்காவது கார்பன்-13 சோதனை. புதுப்பிக்கத்தக்க பொருளுக்கான மதிப்பெண்ணை, இவை நிரப்பப்பட்ட விண்ணப்பங்களுக்கு மட்டும் கொடுங்கள். செலவுப் பட்டியலில் இவை வந்தால் சிவப்பு மையை எடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
கரி மின்முனைகளோடு வேலை செய்யும் சிலர்